ஆறாம் பக்கத்து இருமல்

1

துவாலை அறையில்தான் நான் கதை வாசிக்கிறேன். வாசித்தேன் என்று எழுத வேண்டும். நிறுத்திப் பதினொரு நாளாகிறது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், சலவை மெஷின்களுக்கு அடுத்த கதவு அது. ஜன்னல் கிடையாது. நாலு பக்கமும் கூரை முட்ட வெள்ளைத் துவாலை. உள்ளே பேசினால் சத்தம் எங்கும் மோதித் திரும்பி வராது. இந்த இங்கிலாந்துச் சிறு நகரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ரெக்கோர்டிங் அறை அதுதான். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு படப் புத்தகத்தை விரித்து, போனை ஒரு துவாலை அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு வாசிப்பேன். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை. ஒரு பக்கம் முடிந்ததும் கோப்பையில் கரண்டியால் ஒரு தட்டு. டிங். பக்கத்தைத் திருப்பு என்று அர்த்தம்.

அந்த டிங் போய்ச் சேரும் இடம் கண்டிக்கு மேலே, ஹந்தானை மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அறை. நான் மடியில் வைத்திருக்கும் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி அங்கே இருக்கும். திங்கட்கிழமை போனை ஒரு குட்டி ஸ்பீக்கரோடு சேர்த்து என் குரலைப் போடுவார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, டிங் கேட்டதும் பக்கம் திருப்புவார்கள்.

இப்படி இரண்டு வருஷம். நேற்றோடு நான் ஊரை விட்டு வந்தும் இரண்டு வருஷம். இங்கே நான் தங்கியிருப்பது அண்ணன் வீட்டில்; அண்ணி கேக் வாங்கி வந்திருந்தாள். வெட்ட மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டாள். இதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று, "தலைவலி" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

2

கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் என் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கெம்பஸ் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். இன்று வரும் நாளை வரும் என்று கடையில் நின்று பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். அப்பா சொல்வார், "இவ நின்னா தரை சுடுது."

அப்போதுதான் ரஞ்சனி அக்கா ஒருநாள் சாமான் வாங்க வந்து, பையை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"பழைய பேப்பர் இருந்தாக் குடுங்க தங்கச்சி. படம் உள்ளதாப் பாத்து."

"சாமான் சுத்தவா?"

"இல்ல, மடுவத்துப் புள்ளைங்களுக்கு. காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. செவுத்தையே எத்தன நாளைக்குப் பாக்கும்?"

ரஞ்சனி அக்கா அந்த மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். நாற்பது வயதிருக்கும். இதை நான் கவனமாக எழுதுகிறேன்: யோசனை அவருடையது. படம் காட்ட வேண்டும் என்று நினைத்தது அவர். நான் அடுத்த சனிக்கிழமையே ஒரு த்ரீவீலரில் ஏறி, பேப்பரை விட்டுவிட்டுக் கதைப் புத்தகங்களோடு போய் இறங்கினேன். போன கையோடு எல்லாவற்றையும் என் கையில் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. டீச்சர் ஆகிவிட்டேன். அரசாங்கம் கடைசி வரை கொடுக்காத நியமனத்தை அவர் ஒரே நாளில் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டிப் படத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தன் அதற்குப் பிஸ்கட் ஊட்டினான். மழைப் படம் வந்தால் ஒரு பிள்ளை தலையைக் கையால் மூடிக்கொள்ளும். வாசித்து முடித்தால் "இன்னொரு வாட்டி" என்று கத்துவார்கள். பாடப் புத்தகத்தை யாராவது இன்னொரு வாட்டி கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பிறகு நாடு போன போக்கு உங்களுக்குத் தெரியும். நியமனம் வரவில்லை. பராமரிப்பு வேலைக்கான விசா வந்தது. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது டவுனில் ரியாஸ் நானாவின் புத்தகக் கடைக்கு ஓடினேன். மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறக்கிற மனுஷன். நான் எடுத்து வைத்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் தங்கச்சி எல்லாத்தையும் சோடி சோடியா எடுக்கிறீங்க? புத்தகங்களுக்குக் கலியாணமா?"

"ஒண்ணு இங்க, ஒண்ணு என்னோட வருது நானா."

"அப்ப கலியாணம் முடிஞ்ச கையோட மாப்பிள்ளை வெளிநாடு. நம்ம ஊர் வழக்கம்தான்."

கடைசிச் சனிக்கிழமை மடுவத்தில் ஏற்பாட்டை விளக்கினேன். டிங், பக்கம், ஸ்பீக்கர். ரஞ்சனி அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நடுவுல நானும் வாசிச்சுக் காட்டவா டீச்சர்?" என்றார். பிறகு தானே சிரித்தார். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அஞ்சாம் வகுப்போட நின்னது. நான் ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள புள்ளைங்க எல்லாம் தூங்கிரும்."

நானும் சிரித்தேன். "பரவால்லக்கா. நீங்க போனைப் போட்டு விட்டாப் போதும்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பதினொரு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

3

மடுவத்தில் புத்தகம் திருப்பும் பதவி கவிஷாவுக்குக் கிடைத்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. டிங் கேட்டதும் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் திருப்புவாள், ஏதோ உத்தரவு வாங்கியது போல. அம்மா செல்வி குவைத்தில் வீட்டு வேலை. அப்பா டவுனில் மூட்டை தூக்குகிறவர், காலையில் இறங்கினால் இருட்டும்போதுதான் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வருவார். ஆகவே ஸ்கூலில் சேர்ந்த பிறகும் மத்தியானம் அவள் மடுவத்துக்கே வந்துவிடுவாள். இப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு அம்மாவும் போனுக்குள் இருக்கிற குரல். நானும் போனுக்குள் இருக்கிற குரல். தன்னை விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரு பெட்டிக்குள்ளிருந்து பேசுவார்கள் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

ஆரம்பத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒருமுறை ரெக்கோர்டிங் நடுவில் துவாலை எடுக்க யாரோ கதவைத் திறந்து, "சாரி லவ்" என்று சொல்லி மூடிவிட்டுப் போனார்கள். நேரமில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ரஞ்சனி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வொய்ஸ் போட்டிருந்தார். "டீச்சர், அந்த முயல் கதை இருக்குல்ல, முயல் குழிக்குள்ள போனதும் எல்லாப் புள்ளையும் ஒண்ணாச் சேந்து 'சாரிலவ்'னு கத்துதுங்க. முயலோட பேருன்னு நெனச்சிருச்சுங்க போல."

எவ்வளவு சிரித்தேன்! அண்ணிக்குச் சொல்லிச் சிரித்தேன். இரவு உணவு மேசையில் அண்ணன் மகள் தியாவுக்கு நடித்துக் காட்டினேன். காதால் விழுங்குகிறார்கள், கண் எழுத்தில் இல்லை என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பிள்ளைகள் கதையை ரசிக்கிறார்கள் என்பது மட்டும் தோன்றியது. அது உண்மையும்கூட. அதுதான் வேதனை.

ஒரு வருஷத்தில் கவிஷா தனியாகவே வாசிக்க ஆரம்பித்தாள். வீடியோ வரும். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, பக்கம் பக்கமாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், இறக்க வேண்டிய இடத்தில் குரலை இறக்கி, "தொப்பியைக் காணோமே!" என்று கண்ணை விரித்து. எனக்கு மயிர்க்கூச்செறியும். தோட்டத்து லயத்தில், வாசிக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லாத ஒரு பிள்ளை! எல்லோருக்கும் அனுப்பினேன். செல்விக்கும் குவைத்துக்கு அனுப்பினேன். ஒரு வீடியோவில் நடுவில் இருமினாள். "குளிருக்கு நெஞ்சில சளி கட்டியிருக்கும்க்கா, கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க" என்று ரஞ்சனி அக்காவுக்குச் சொன்னேன்.

குடுத்திருக்கிறார். மூன்று நாள், காலையும் மாலையும்.

4

தியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வயது. வாரா வாரம் லைப்ரரியிலிருந்து ஒரு பை நிறையப் புத்தகம் தூக்கி வருவாள். வாசிப்பாள், ஆனால் வீட்டுப்பாடக் கொப்பியில் அண்ணி கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக வாசிப்பாள். முடித்ததும் பல் விளக்கி முடித்தவள் போல எழுந்து போய்விடுவாள். தமிழ் அவளிடம் நாளுக்கு நாள் தேய்கிறது. அத்தை, சோறு, வலிக்குது, வேணாம், பிறகு மிருகங்களின் பெயர்கள். மிருகங்களை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அந்தச் சோடிப் புத்தகங்களை வைத்து. அண்ணன் கேட்டால், "இங்க இருக்கிற பிள்ளைக்கு இங்க உள்ளதே போதும் தங்கச்சி, நீ ஏன் அலட்டிக்கிற" என்பான்.

ஒரு மாதத்துக்கு முன் கவிஷாவின் ஸ்கூலில் வாசிப்பு நாள். வெளியிலிருந்து விருந்தாளி வந்திருந்தாராம். மேடையில் வாசிக்க இரண்டாம் வகுப்பிலிருந்து கவிஷாவைத் தெரிவு செய்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கும் மேலான பிறகுதான் ரஞ்சனி அக்கா அரை நிமிஷ வீடியோ அனுப்பினார். இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன், கையில் நம்முடைய தொப்பி ஆட்டுக் கதை, தொப்பியைத் தொலைத்த ஆட்டுக்குட்டியின் கதை. மைக் அவள் உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருந்தது.

பார்த்தவுடனேயே பரப்பினேன். வழக்கம் போல. பிறகு தியா ஸ்கூலால் வந்ததும் சோபாவில் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஒருமுறை பார்த்தாள். "எகெய்ன்" என்றாள். மறுபடி பார்த்தாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

"அத்தை, இது யானை."

"ஆமா, யானைதான்."

"ஆனா அவ ஆடு சொல்றா. ஆடு அழுதுன்னு சொல்றா. யானை அழல. யானை குளிக்குது."

நிறுத்திப் பெரிதாக்கினேன். தமிழில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத என் மருமகள் சொன்னது சரி. விரிந்திருந்த பக்கத்தில் யானை குளித்துக்கொண்டிருந்தது. கவிஷாவோ "ஆட்டுக்குட்டி தேம்பித் தேம்பி அழுதது" என்று அழகாக, உருக்கமாக, நேரே சபையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினாள். யாருக்கும் கேட்காத ஒரு டிங்குக்கு. பக்கத்தைத் திருப்பினாள். இருமினாள்.

அந்த இருமல்.

என் பழைய ரெக்கோர்டிங்கைத் தேடி எடுத்தேன். ஒரு வருஷத்துக்கு முந்திய குளிர்காலம், எனக்குத் தடிமன் பிடித்திருந்த சமயம். ஆறாம் பக்கம். "ஆட்டுக்குட்டி தேம்பித் தேம்பி அழுதது." டிங். இரண்டு இருமல், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. மேடையில் அவள் இருமியதும் அப்படியே: ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

அவளுக்குச் சளி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. என் சளியைத்தான் அவள் வாசித்திருக்கிறாள்.

5

உடனே ரஞ்சனி அக்காவுக்கு எடுத்தேன். அங்கே இரவு, எட்டு மணிக்கு மேல். பின்னால் கோயில் ஸ்பீக்கர் கேட்டது.

"அக்கா, வீடியோ ஏன் அரை நிமிஷத்தோட நிக்குது?"

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் டீச்சர். நீங்க அங்க தனியாக் கெடந்து கவலப்படுவீங்க."

பிறகு சொன்னார். புத்தகம் பழசாகி நடுவில் கிழிந்திருந்தது. மேடைக்குப் போகிறதே என்று முதல் நாள் அவரே கோதுமை மா காய்ச்சி ஒட்டியிருக்கிறார். ஹந்தானையில் மழை மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பசை காயவில்லை. இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கவிஷா ஒரே திருப்பில் இரண்டைத் திருப்பிவிட்டாள். வாய் ஒரு பக்கத்தில், கை அடுத்த பக்கத்தில்.

விருந்தாளி நல்ல மனுஷன்தானாம். சிரித்த முகத்தோடு குனிந்து, "இது ஆடா மகள், யானையா?" என்று கேட்டாராம். கவிஷா கீழே பார்க்கவே இல்லை. விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்தினால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் போய்விடும் அல்லவா? கடைசியில் புத்தகம் முடிந்துவிட்டது. அட்டையை மூடிவிட்டாள். ஆனால் அவள் வாயில் இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. மூடிய புத்தகத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்தையும் சொன்னாள்.

"அப்பத்தான் டீச்சர் எல்லாம் சிரிச்சிருச்சுங்க. பெரிய வகுப்புப் புள்ளைங்க. ஒருத்தன் கத்துனான், 'டேப் முடிஞ்சிருச்சு, திருப்பிப் போடுங்கடா'ன்னு."

"கவிஷா?"

"எறங்கி வந்தா. அழல. புத்தகத்த என் கையில குடுத்துட்டு, 'இது பேசாது ஆயாம்மா'ன்னு சொன்னா. அன்னையிலருந்து ஸ்கூலுக்குப் போகல. காலையில ஸ்கூல் சட்டையப் போட்டுக்கிறா, அவ அப்பா பஸ் ஏறுனதும் லயத்துக்குப் பின்னால தண்ணித் தாங்கிக்கிட்டப் போய் உக்காந்துக்கிறா. ஒம்பது நாளாச்சு."

6

மறுநாள் செல்வி குவைத்திலிருந்து எடுத்தாள். மேடையில் நடந்தது அவளுக்கும் எட்டியிருந்தது. பஸ்ஸில் இருந்தேன். அவள் மெதுவாகத்தான் பேசுவாள், வேலை செய்யும் வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். என் புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதா?"

நான் சுற்றி வளைத்தேன். மனப்பாடமாகச் சொல்வதும் வாசிப்பின் முதல் படி, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்கும், சொல்லை எழுத்தோடு சேர்ப்பது அடுத்த படி, நாங்கள் அந்த அடுத்த படிக்கு… எல்லாம் புத்தகத்தில் படித்தது. எல்லாம் உண்மை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காது டீச்சர். தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது செல்வி. இன்னும் தெரியாது."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"போன வருஷம் ரெண்டு வருஷ அக்ரிமென்ட் முடிஞ்சு வந்திருக்கலாம் டீச்சர். நீங்க அனுப்புன வீடியோவப் பாத்தேன். நான் இல்லாமலே இப்பிடிப் படிக்குதே, இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா நல்லாப் படிக்க வச்சிரலாம்னு நெனச்சுத்தான் மறுபடி கையெழுத்துப் போட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி டீச்சர், மேடம் கூப்புடுறாங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டிருந்தது.

7

முதலில் தோன்றியது: போய்விட வேண்டும். ஒரு மாதம் போதும். அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்து, மண்ணில் எழுதிக் காட்டி… நான் போனால் சரியாகிவிடும் என்று இன்னமும் நினைக்கிறேன் பாருங்கள்!

போக முடியாது. என் விசா நீடிப்பு விண்ணப்பம் போய்ப் பத்து வாரம். முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பத்தை நானே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்களாம். எப்போது முடிவு வரும்? "பரிசீலனையில் உள்ளது." விசா அலுவலகத்துக்கு எடுத்து, தொலைபேசியில் நாற்பது நிமிஷம் இசை கேட்டேன். வந்த பெண் குரல் கேட்டது, "அவசரத்துக்குக் காரணம் என்ன? நெருங்கிய உறவினருக்கு உடல்நலக் குறைவா?" இல்லை. "மரணமா?" இல்லை. "பின்னே?" ஒரு பிள்ளை வாசிக்கவில்லை என்று எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

வேலையிலும் தடுமாறினேன். மேற்பார்வைப் பெண்ணிடம், "துவாலைகளை அல்மைராவில் வைத்துவிட்டேன்" என்றேன் ஆங்கிலத்தில். விழித்தாள். மூன்று தடவை சொன்னேன், ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கூட்டி. அலுமாரிக்கு ஆங்கிலம் அல்மைரா என்று இருபத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். கண்டியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், எல்லோருக்கும் விளங்கும். இங்கே நான் தன்னம்பிக்கையோடு ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், எதிரே இருப்பவளுக்கு அது வெறும் சத்தம். கவிஷா மேடையில் நின்றது ஞாபகம் வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு துவாலை அறைக்குள் ஓடினேன். மேற்பார்வைப் பெண் பின்னாலேயே வந்து, "கபேர்ட், டார்லிங், கபேர்ட். அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றாள்.

சும்மா இருந்தேனா? இருப்பேனா! எழுத்து அட்டை வரைந்து படம் எடுத்து அனுப்பினேன். வகுப்பு டீச்சருக்கு எடுத்தேன். "முப்பத்தெட்டுப் பிள்ளைங்க மிஸ் எனக்கு. அவ நல்லா வாசிக்கிறான்னு பின் வாங்குலயே உக்கார விட்டுட்டேன், வாசிக்காத பிள்ளைங்களைத்தான் முன்னுக்கு வச்சுக்கிறது" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். நாள் தவறாமல் வீடியோ கோல் எடுத்தேன். கவிஷா ஒருநாளும் வரவில்லை. ஒரு தரம் மட்டும் திரையின் ஓரத்தில் அவள் பாவாடைக் கரை தெரிந்தது. "கவிஷாம்மா" என்று கூப்பிட்டேன். கரை மறைந்துவிட்டது.

அன்றுதான் ரஞ்சனி அக்கா சொன்னார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க வாசிக்காம இருங்களேன்."

"நான் நிறுத்திட்டா மத்தப் பிள்ளைங்க?"

"நான் வாசிக்கிறேன்."

மடியில் கிடந்த எழுத்து அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"எனக்கு நல்லா வராது, தெரியும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவோ நேரமாகும். ஆனா ஒண்ணு டீச்சர். விரல வைக்காம எனக்கு வாசிக்கவே வராது."

8

விரல்.

அந்தச் சொல் என்னை அடித்துப் போட்டது. வேகமாகவும் அழகாகவும் வாசிக்கிற என்னை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்தேன். எழுத்துக் கூட்டி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, பிள்ளைகளின் கண் முன்னால் தடுக்கித் தடுக்கிப் போகக்கூடிய ஒரே ஆளை, அந்த மலையிலேயே வேறு யாரிடமும் இல்லாத அந்த மெதுவான விரலை, போனை அமுக்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். எழுத்திலிருந்து சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று அவர்கள் பார்த்ததே இல்லை. பிறந்து குளித்துப் பவுடர் போட்ட சத்தம் மட்டும்தான் வாரா வாரம் வந்து இறங்கியது.

இரண்டு வருஷம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் என்றால் எவ்வளவு?

நிறுத்தினேன். இந்தப் பதினொரு நாளில் சனிக்கிழமை வந்தபோது சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன்.

ரஞ்சனி அக்கா மடுவத்தில் வாசிக்கத் தொடங்கினார். மூன்று பிள்ளைகள் தூங்கிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னேரங்களில் அந்தத் தொப்பி ஆட்டுக் கதையை எடுத்துக்கொண்டு தண்ணித் தாங்கிப் பக்கம் போனார். கவிஷாவைக் கூப்பிடவில்லை. நாலடி தள்ளிக் கல்லில் உட்கார்ந்து தனக்குத்தானே வாசித்தார். முதல் நாள் கவிஷா எழுந்து போய்விட்டாள். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். ரஞ்சனி அக்கா "தே… தேப்… தேபி" என்று தடுக்கிக்கொண்டிருந்தபோது முதுகு சொன்னதாம்: "தேம்பி. அது தேம்பி ஆயாம்மா. ரெண்டு தடவ வரும்."

"ரெண்டு தடவயா? எங்க இருக்கு ரெண்டாவது? எனக்குத் தெரியல, நீ காட்டு."

கவிஷா திரும்பவில்லை. அவளுக்கும் தெரியாது அல்லவா, எங்கே இருக்கிறதென்று. எழுந்து லயத்துக்குள் போய்விட்டாள்.

இன்று வரை ஸ்கூலுக்குப் போகவில்லை. என் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. செல்விக்கு இன்னும் பதினான்கு மாதம். நல்ல செய்தி என்று எதையாவது எழுதி முடிக்கலாம் என்று இரண்டு தரம் அடித்து அடித்துப் பார்த்தேன். இல்லாததை எழுத முடியவில்லை. இன்று மத்தியானம் வந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ரஞ்சனி அக்காவிடமிருந்து ஒரு வொய்ஸ். ஒன்பது நிமிஷம். எனக்கு லீவு நாள். தியா சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். என் பிரதியை எடுத்து மடியில் விரித்தேன். எழுந்து வந்து ஒட்டிக்கொண்டாள்.

முதலில் மழைச் சத்தம். பிறகு ரஞ்சனி அக்கா. "ம… லை… மலை… மே… ல். மலைமேல்." எங்கோ ஒரு நாய். "ஓ… ர்." முதல் பக்கத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அதில் உள்ளது நாலே சொல். பிறகு ஒரு சத்தம். கோப்பையில்லை, தகரக் குவளை மாதிரி. கரண்டியும் இல்லை, ஏதோ கல்.

டிங்.

"யாரு அடிக்கிறா?" என்றாள் தியா.

எனக்குத் தெரியும். ரஞ்சனி அக்காவின் இரண்டு கையும் புத்தகத்தில் இருக்கும்.

இரண்டாம் பக்கம். டிங். மூன்றாம் பக்கம் இன்னும் மெதுவாக. டிங். அந்தக் கல்லைப் பிடித்திருந்த கை ஒரு பக்கம் முடியும்வரை பொறுத்திருந்தது, ஒரு தரமும் முந்தவில்லை. நாலு, ஐந்து. பிறகு ஆறாம் பக்கம், ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பக்கம். தண்ணீர்த் துணி வைத்துப் பிரித்தார்களாம். "ஆ… ட்… ஆட்டு… க்… குட்டி." அடுத்தது தேம்பி. ரஞ்சனி அக்கா நின்றார். வேண்டுமென்றுதான் நின்றார் என்று நினைக்கிறேன்.

"இது என்ன புள்ள? விரல வச்சிருக்கேன் பாரு. இந்த எழுத்து."

மழை. வேறு ஒன்றும் இல்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம், போனுக்கு மிகக் கிட்ட. துணி உரசுகிற சத்தம், கல்லைக் கீழே வைக்கிற சத்தம். எனக்குத் தெரியும் அந்தச் சொல். அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அவள் கீழே பார்க்கிறாளா? பார்க்கிறாளா, இல்லையா? கேட்க முடியவில்லை. பார்ப்பது காதுக்குக் கேட்காது. போனைக் காதோடு அழுத்தினேன். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். தாங்க முடியவில்லை எனக்கு, என் விரல் தானாகவே தாளின் முனையைத் தூக்கியது.

தியா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"வெயிட் அத்தை. இன்னும் டிங் வரல."